நாற்பத்து நாலு சதுர அடி

ஏப்ரல் கடைசி. விஸ்கான்சினில்
ஓடையோரம் இன்னும் அழுக்குப் பனி.
கொட்டகைக்குப் பின்னால்
குளிர்காலம் முழுக்க ஐம்பத்தொரு மாடுகள் போட்ட குன்று
உள்ளே வெந்து, மேலே ஆவி விட்டபடி.

க்ளேட்டன் டுலூத்துக்குப் போய் ஐந்து மாதம்.
மண் பரிசோதனைத் தாள்
இன்னும் அவன் பெயருக்கே வருகிறது.
பிரித்துப் படித்தேன்.
கொட்டகைக்கு அருகே பாஸ்பரஸ்
அடுத்த பத்து வருடத்துக்குப் போதும்.
சதுப்போரக் கோடியில்
சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

தெரியாததா.
குளிருக்குப் பயந்து
கதவு தாண்டியதும் வண்டியைத் திறந்துவிடுவான்.
கிட்டத்து ஓட்ஸ் கொழுத்துக் கொழுத்து
ஜூலை மழையில் தலைசாய்ந்து படுக்கும்.
கோடியில் கணுக்கால் உயரம், மஞ்சள்.
"அந்த மண்ணோட குணம் அது" என்பான்.
பதினேழு வருடம் நானும் தலையாட்டினேன்.

எருவீசி எவ்வளவு போடுகிறது என்று அளக்க
மூன்று படுக்கை விரிப்பு வேண்டும்.
எங்கள் வீட்டில் இருப்பவை ஒற்றைக் கட்டில் விரிப்புகள்;
கடைசி ஆறு வருடம்
இரண்டு கட்டில், நடுவே விளக்கு வைத்த மேசை.
அவனுடையது ஒன்று, என்னுடையது ஒன்று,
யாரும் வந்து தங்காத அறையிலிருந்து ஒன்று.
ஐந்தரை அடிக்கு எட்டு,
நாற்பத்து நாலு சதுர அடி.
விழுந்த பவுண்டைப் பாதியாக்கினால்
ஏக்கருக்கு எத்தனை டன் என்று வந்துவிடும்.
தைத்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

வயலில் வரிசையாய் விரித்து
மூலைக்கொரு ஆணி அடித்தேன்.
நடுவில் அவனுடையது வந்தது தற்செயல்
என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
வேலியோரம் பிக்கப்பை நிறுத்தி
டெல்மர் பிகோர்ஸ்கி கேட்டார்,
"யாருக்கு விருந்து?"
நான் சொன்ன பதில்
டிராக்டர் இரைச்சலில் போயிற்று. நல்லதுதான்.

குளியலறை எடைமேடை, ஒரு பலகையின் மேல்.
விரிப்பை மூட்டையாய்க் கட்டி
மார்போடு அணைத்து ஏறினேன்.
என் நூற்று ஐம்பத்தெட்டைக் கழித்தேன்.
துணியின் எடையையும் கழித்தேன்.
இடது நாற்பது.
நடு அறுபத்திரண்டு.
வலது பதினெட்டு.

குனிந்து பார்த்தால்
வலப்பக்கச் சுழல்தண்டில்
வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் கயிறு,
எத்தனை வருடத்துக் கயிறோ,
எலும்பில் இறுகிய தசைபோல.
இரண்டு பல் காணோம்.
முக்கால் மணி நேரம் கத்தியால் அறுத்தேன்.
திட்டினேன். கயிறைத்தான்.

பிறகு கியரை ஒன்று குறைத்து,
ஒரு நடையின் ஓரம்
அடுத்த நடையின் ஓரத்தில் ஏறும்படி
நெருக்கி ஓட்டினேன்.
அதே மூன்று விரிப்பு, உதறிப் போட்டது.
முப்பத்தி நாலு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்று.
சமமில்லை.
சமத்துக்குப் பக்கத்து வீடு.

கொட்டகையோர வயலுக்கு
இந்த வருடம் ஒரு பிடிகூடக் கிடையாது.
பதினாறு லோடும் கோடிக்கு.
ஓடையை நூறடி விட்டு,
கிணற்றை அதைவிடத் தள்ளி விட்டு.
போக இருபது நிமிடம், வர இருபது.
ஏரிப் பக்கத்து வெள்ளைப் பறவைகள்
எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து
எனக்குப் பின்னால் புழு பொறுக்கின.
பதினோராவது லோடில் சங்கிலி அறுந்தது.
டெல்மர் ஒரு கண்ணி கொண்டுவந்தார்;
விருந்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.
சங்கிலி அறுந்த இடத்தில்
ஒரு பட்டை விடுபட்டது.
திரும்பப் போய்ப் போடவில்லை.
இருட்டிவிட்டது, பால் கறக்க வேண்டும்.

மூன்றாம் துவைப்பிலும் பழுப்பு போகவில்லை.
இரண்டை டிராக்டர் பெட்டியில் மடித்து வைத்தேன்,
அடுத்த ஏப்ரலுக்கு.
என்னுடையதை மட்டும் கட்டிலில் போட்டேன்.
வாசனை இல்லை.
இருந்தாலும் பரவாயில்லை.

ஜூலையில், பெருமழைக்கு மறுநாள்,
கையெழுத்து வேண்டிய காகிதங்களைப் பற்றிப் பேச
டுலூத்திலிருந்து போன் வந்தது.
வைக்கும் முன் கேட்டான்,
"கொட்டகைப் பக்கத்து ஓட்ஸ் படுத்துடுச்சா?"

"நிக்குது" என்றேன்.

கோடியைப் பற்றி அவன் கேட்கவில்லை.
அங்கே அது என் இடுப்புக்கு மேல்,
ஒரு பட்டை நீங்கலாக.